விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமை

சின்னத்தாயைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். "எழுதுங்க அண்ணாச்சி. ஆனா நல்லவன்னு மட்டும் எழுதிறாதீக, படிக்கிறவுக சிரிப்பாக" என்றாள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அவள் பொறாமைக்காரி. சிவகாசி வட்டாரத்தில் நான் பார்த்த பொறாமைக்காரர்களில் அவளுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. மற்றவர்கள் மறைப்பார்கள், அவள் மறைக்கமாட்டாள், அது ஒன்றுதான் வித்தியாசம். அக்கம்பக்கத்தில் யாராவது கிரைண்டர் வாங்கினால், "எனக்கு வயிறு எரியுது, வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டே பார்க்கப் போவாள்.

நான் காளீஸ்வரன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருஷம் பிழை திருத்தியவன். காலண்டர், கோயில் மலர், சமையல் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதுவாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பி மிஷின் ஏறியதில்லை என்று நான் சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் வேறு மாதிரி சொன்னால் அதற்கு நான் பொறுப்பல்ல.

சின்னத்தாய் ஏழாயிரம்பண்ணையில் பிறந்தவள். மானாவாரி நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அவளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். விஸ்வநத்தத்தில் ஊர்க்காவலனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டினாள். ஒரு நாள் பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. அந்தச் சத்தத்தில் இவள் கையிலிருந்த திரிக்கட்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனியாமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். "பேப்பர்னா வெடிக்காதுல்ல" என்று சொல்லிக்கொண்டு 1997-ல் எங்கள் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் சேர்ந்தாள்.

பைண்டிங் பெண்கள் தாளைப் படிப்பதில்லை. படித்தால் கை நின்றுவிடும். சின்னத்தாய்க்குக் கையும் ஓடும், கண்ணும் ஓடும். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. அச்சகத்தில் பதினாறு பக்கங்கள் ஒரே பெரிய தாளில் அச்சாகும். அதை ஒரு பாரம் என்போம். ஒரு புத்தகத்துக்கு மூன்று பாரம் என்றால், மூன்று பெண்களுக்கு ஆளுக்கொரு பாரமாகப் பிரித்துக் கொடுத்து மடிக்கச் சொல்வார்கள். தன் கைக்கு வந்த பதினாறு பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் ஒருத்திக்குத் தெரியும். அதனால் சின்னத்தாய்க்கு அல்வாவை இறக்கி ஆறவைக்கத் தெரியும், எந்த மாவில் கிண்டுவது என்று தெரியாது. சக்கரவர்த்திக்குப் பிள்ளை பிறந்ததே தெரியாது, அந்தப் பிள்ளை காட்டுக்குப் போனது தெரியும். உலகத்தில் பாதி விஷயம் எனக்கு அத்துப்படி என்பாள். பாதி என்பது நிஜம்தான்.

பாலம்மாளை எங்கள் அச்சகத்துக்குக் கூட்டிவந்தவள் சின்னத்தாய். 2000-ம் வருஷம் சித்திரை மாதம். பாலம்மாள் விஸ்வநத்தத்தில் அடுத்த தெருக்காரி, ஐந்து வயது இளையவள், அதுவரை வெடிக்கான பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். தாளை எப்படிப் பிடிப்பது, மடிப்பின்மேல் கட்டையை எப்படி இழுப்பது எல்லாம் சின்னத்தாய் கற்றுக்கொடுத்தது. இருவரும் கம்பெனி வேனில் ஒரே சீட்டில் வருவார்கள். ஒருத்தி தூக்குவாளிக் குழம்பை இன்னொருத்தி ஊற்றிச் சாப்பிடுவாள்.

2002 ஆனி மாதம் சூப்பர்வைசர் முத்துப்பேச்சி மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அடுத்த சூப்பர்வைசர் சின்னத்தாய்தான் என்று பைண்டிங்கில் எல்லோரும் நினைத்தார்கள். சின்னத்தாய் நினைத்ததோடு நிற்காமல் முதல் நாளே புருஷனிடமும் சொல்லிவிட்டு, காலையில் தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத சேலை கட்டி வந்தாள். முதலாளி சீனிவாசகம் பைண்டிங்குக்கு வந்து, "பாலம்மா, இனி நீ பாத்துக்கோ" என்று சாவிக்கொத்தை நீட்டினார்.

அன்று சாயந்திரம் முதலாளி என்னிடம் காரணம் சொன்னார்: "சின்னத்தாய்க்கு வேலை தெரியும். பாலம்மாவுக்கு வேலையும் தெரியும், வாய மூடவும் தெரியும்." நான் ஒரு மடையன், அதை அப்படியே போய் சின்னத்தாயிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் பாலம்மாளோடு பேசவில்லை. வேனில் டிரைவருக்கு நேர் பின்சீட்டுக்கு மாறினாள். மத்தியானம் தூக்குவாளியோடு மிஷின் ரூம் பக்கம் போய் உட்கார்ந்தாள். சூப்பர்வைசருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. பாலம்மாள் ஒரு நாளில் எத்தனை தடவை அதில் உட்காருகிறாள் என்று இவள் எண்ணுவாள். "இன்னைக்கு ஏழு தடவ. மகாராணி!" என்று என்னிடம் வந்து சொல்வாள். "நான் கூட்டிக்கிட்டு வந்தவ அண்ணாச்சி. மடிப்புக் கட்டைய எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியாதவ. நெஞ்செல்லாம் மொளகா அரச்சுத் தடவுன மாதிரி இருக்கு" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் கண் கலங்கும். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நான் பல நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது.

2003 மே மாதம். காலண்டர் சீசன் இல்லாத மாதங்களில் புத்தக வேலை வரும். சென்னையில் ஒரு பௌத்த சங்கத்திலிருந்து நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகத்துக்கு ஆர்டர் வந்தது. இலவசமாகக் கொடுப்பதற்காம். பொறாமையைப் பற்றிப் புத்தரின் வழியில் சொன்ன புத்தகம். மற்றவருக்குக் கிடைத்த நன்மையைக் கண்டு நாமும் மகிழ்வதுதான் பொறாமைக்கு மருந்து, அதற்கு முதிதை என்று பெயர், அதை நாளும் பழகலாம் என்று அதில் இருந்தது. நான் மூன்று தடவை படித்தேன். ஒற்றுப்பிழைகள் முப்பத்தொன்று இருந்தன. வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அந்தப் புத்தகம் மடிப்புக்குப் போன பத்தாவது நாள் சின்னத்தாய் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க புத்தகத்துல தப்பு இருக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. "எந்தப் பக்கம்? எத்தனாவது வரி?"

"எழுத்துத் தப்பு இல்ல. சொல்லியிருக்குறதே தப்பு. ஒங்களுக்கு ஆகாதவுகள நெனச்சு, அவுகளுக்குக் கெடச்ச நன்ம அவுகள விட்டுப் போகாம இருக்கட்டும்னு சொல்லுங்கன்னு போட்டிருக்கு. நானும் பத்து நாளா வேன்ல ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் சொல்லிப் பாக்குறேன். பாலம்மாவுக்குக் கெடச்சது பாலம்மாவ விட்டுப் போகாம இருக்கட்டும், போகாம இருக்கட்டும்னு. சொல்லச் சொல்ல எரியுது. நேத்து எறங்கும்போது அவ கால மிதிச்சிட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சியா?" என்றேன்.

"முன்னாடி என்ன இருக்கு? எனக்கு ரெண்டாம் பாரம்தான குடுத்தாக?"

வீணான பிரதி ஒன்று என் மேசைக்கடியில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்கும் நினைவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். முதல் பாரத்தின் கடைசிப் பக்கங்களில் தெளிவாகவே போட்டிருந்தது. எடுத்த எடுப்பில் ஆகாதவரை நினைக்காதீர்கள், அது கைகூடாது, எரிச்சல்தான் மிஞ்சும். யாருடைய சந்தோஷத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தானாகவே சந்தோஷம் வருமோ அவரிடமிருந்து தொடங்குங்கள். அது படிந்த பிறகு, பிடித்தவர் பிடிக்காதவர் என்ற எந்தக் கணக்கிலும் வராத ஒருவரை நினையுங்கள். அதற்குப் பிறகே ஆகாதவர். சின்னத்தாய் ஏணியின் மூன்றாவது படியில் முதல் காலை வைத்திருக்கிறாள்.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவள் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது. "அப்பிடி ஒரு ஆளு எனக்கு இல்ல அண்ணாச்சி."

"எப்படி ஆளு?"

"யாரு சந்தோசத்தப் பாத்தா எனக்குச் சந்தோசம் வரும்னு ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன். தங்கச்சி? அவ காங்கிரீட் வீடு கட்டுனப்ப எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல். நாத்தனா? அவ பேரச் சொன்னாலே ஆகாது. வீட்டுக்காரரு? அவரு சந்தோசமா இருந்தா எங்கயோ குடிச்சிருக்காருன்னு அர்த்தம்." அவள் சிரிக்கவில்லை. "இம்புட்டு வயசாச்சு. ஒரு ஆளுகூட இல்லையேன்னு நேத்துத்தான் தெரிஞ்சுச்சு."

எனக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆள் கிடைத்தது அடுத்த வாரம். எங்கள் அச்சகத்தில் டீ வாங்கிவந்து, கூட்டிப் பெருக்கும் மூக்கம்மாளின் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. மூக்கம்மாள் அன்று டீத் தட்டோடு ஒவ்வொரு மிஷினாகப் போய், "ரெண்டு குட்டி! ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவல!" என்று சொல்லிவிட்டு வந்தாள். சொன்னவர்களிடமே மறுபடியும் சொன்னாள். முதலாளியிடம் போய்ச் சொன்னாள். பத்தாவது தடவை கேட்டபோது சின்னத்தாய்க்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் உறைத்தது. ஓடி வந்தாள். "அண்ணாச்சி! மூக்கம்மா! எனக்கு எரியல!"

அன்றிலிருந்து வேனில் மூக்கம்மாளை வைத்துத் தொடங்கினாள். மூக்கம்மாளுக்குக் கிடைத்தது மூக்கம்மாளை விட்டுப் போகாமல் இருக்கட்டும். இரண்டாவது படிக்கு வேன் டிரைவர் சங்கிலிமுத்து. தினமும் அவள் கண்ணில் படுவது அவனுடைய முதுகு ஒன்றுதான். அவன்மேல் அவளுக்கு விருப்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. அவன் மகள் பத்தாம் வகுப்பில் நானூறு மார்க் எடுத்திருந்தாள். ஆடி முடிவதற்குள், அந்த மகளை நினைத்தாலும் இவளுக்கு உள்ளே குளிர்ந்தது.

பைண்டிங்கில் இது தெரியாமல் போகுமா? "அக்கா மதம் மாறிட்டாகளா?" என்று ரோஜா என்ற பெண் கேலி செய்தாள். "பொறாமப்படாதன்னு சொன்னா எந்தச் சாமிடி கோவிச்சுக்கும்?" என்றாள் சின்னத்தாய். செவ்வாய்க்கிழமை தவறாமல் பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் பாலம்மாள் மட்டும் மசியவில்லை. "சங்கிலிமுத்து வரைக்கும் வண்டி ஜம்முன்னு போயிருது அண்ணாச்சி. பாலம்மா கிட்ட வந்தா மேடு. ஏற மாட்டேங்குது" என்பாள். ஆவணி போனது, புரட்டாசி போனது, காலண்டர் சீசன் வந்தது, அவள் பாலம்மாளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சீசனில் நாங்கள் அடித்தது 2004-ம் வருஷக் காலண்டர். அது லீப் வருஷம். எங்கள் அச்சகத்தில் தினசரிக் காலண்டருக்குத் தாள் அடிக்கும் அளவு முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கென்று அமைந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பிப்ரவரி 29 மட்டும் துண்டுத் தாளில் தனியாக அச்சாகி, வெட்டப்பட்டு, தனிக் கட்டாக பைண்டிங்குக்கு வரும். அதை நினைவாக எடுத்து 28-க்கும் மார்ச் 1-க்கும் நடுவில் சேர்க்கவேண்டியது சூப்பர்வைசர் பொறுப்பு. போன லீப் வருஷக் காலண்டரை 1999 கடைசியில் தைத்தபோது முத்துப்பேச்சி அந்தக் கட்டைத் தானே தூக்கிவந்து மேசையில் வைத்ததைச் சின்னத்தாய் பார்த்திருக்கிறாள். பாலம்மாள் அப்போது இங்கே இல்லை.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம், புதன்கிழமை. திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றுக்கு நாலாயிரம் காலண்டர் தைத்து முடிந்திருந்தது. மறுநாள் லாரி வருகிறது. காலை பத்து மணிக்குச் சின்னத்தாய் கட்டு போடுவதற்காக ஒரு காலண்டரை எடுத்து, பழக்கதோஷத்தில் ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறினாள். ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பு. ஆறு கறுப்புக்கு ஒரு சிவப்பு விழவேண்டும். பண்டிகை வந்தால் சிவப்பு கூடும், ஒருநாளும் குறையாது. ஓர் இடத்தில் ஏழாவதும் கறுப்பாக விழுந்தது. பிரித்துப் பார்த்தாள். பிப்ரவரி 28, சனிக்கிழமை. அடுத்த தாள் மார்ச் 1, திங்கட்கிழமை. நடுவில் ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

இன்னும் பத்துக் காலண்டர் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படித்தான். அலமாரியைப் பார்த்தாள். பழுப்புத் தாள் சுற்றிய கட்டு ஒன்று மேல்தட்டில் அப்படியே இருந்தது. அதன்மேல் மூக்கம்மாள் டீத் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அந்த 29-ம் தேதித் தாளுக்கு நான்தான் பிழை பார்த்தேன். ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் சரியாக இருந்தது. தாள் காலண்டருக்குள் போனதா என்று பார்ப்பது என் வேலை இல்லை.

சின்னத்தாய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எடுத்த காலண்டரைக் கட்டில் வைத்துக் கயிறு போட்டாள். லோடு திருநெல்வேலி போகும். ஜவுளிக்கடைக்காரர் ஊரெல்லாம் கொடுப்பார். பிப்ரவரியில் ஒரு நாள் காணோம் என்று தெரிந்ததும் முதலாளியைக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். சாவிக்கொத்து பாலம்மாளின் இடுப்பிலிருந்து இறங்கும். இவள் எதுவுமே செய்யவேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடத் தெரியாது என்று யார் சொன்னது?

அன்று மத்தியானம் அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மிஷின் ரூமுக்குப் போகவில்லை. நேராகப் பாலம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்ன கொளம்பு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். விழப்போகிறவள்மேல் யாருக்குப் பொறாமை வரும்? பாலம்மாள் பதறிப்போய், "கருவாட்டுக் கொளம்பு அக்கா" என்று தன் வாளியிலிருந்து ஊற்றினாள். சின்னத்தாய் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

சாயந்திரம் வேனில் ஏறியதும், வழக்கம்போல மூக்கம்மாளை நினைத்தாள். மூக்கம்மாளின் குட்டிகளை நினைத்தால் டீத் தட்டு கண்முன் வந்தது. தட்டு வந்ததும் அதன் அடியிலிருந்த கட்டும் வந்தது. வார்த்தை வரவில்லை. சரி, சங்கிலிமுத்து. அவன் முதுகு வெறும் முதுகாக இருந்தது. மகளும் இல்லை, மார்க்கும் இல்லை. மறுபடியும் மூக்கம்மாள். ஒன்றுமில்லை. ஆறு மாதம் பழகியது ஒரே நாளில் வற்றிவிட்டது. "பாலம்மா மேல இருந்த எரிச்சல் எனக்குப் பழகிப்போச்சு அண்ணாச்சி, அதோட இருந்துக்கிருவேன். ஆனா அந்த ஆட்டுக்குட்டிய நெனச்சாக்கூட சிரிப்பு வரலைன்னா நான் என்ன சென்மம்னு பயந்துட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை லாரி வாசலில் நின்றது. முதல் நூறு கட்டு ஏறிவிட்டது. நான் முதலாளி அறையில் ஒரு பத்திரிகை புரூபைக் காட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு சின்னத்தாய் வந்து நின்றாள்.

"என்னம்மா?" என்றார் முதலாளி.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். முகம் ஒரு மாதிரி கோணியது. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று பிற்பாடுதான் தெரியும். நியாயத்தைத்தானே சொல்லப்போகிறோம் என்று நினைத்துத்தான் அவள் வந்திருக்கிறாள். கதவைத் தள்ளும்போது உள்ளுக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியிருக்கிறது. நேற்று கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டபோது வந்த அதே சிரிப்பு. பொறாமை வந்தால் அதை விரட்டப் போகாதே, வந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள் என்று அந்த இரண்டாம் பாரத்தில் ஒரு வரி உண்டு. தெரிந்துகொண்டாள்.

"கக்கூசுல தண்ணி வரல முதலாளி."

"அத ஏம்மா எங்கிட்ட வந்து சொல்ற? எதுன்னாலும் பாலம்மாகிட்டச் சொல்லு!"

"சரி முதலாளி, பாலம்மாகிட்டயே சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்தால், தண்ணீர் பிரச்சினை ரொம்பவும் முற்றிவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

பாலம்மாள் லாரி பக்கத்தில் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சின்னத்தாய் அவள் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துப்போய், டீத் தட்டை எடுத்துவிட்டுக் கட்டைக் காட்டினாள். பாலம்மாளுக்கு ஒரு விநாடி புரியவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பொழப்பு போச்சுக்கா."

"போகல. லாரி இன்னும் கெளம்பல. எந்திரி."

பாலம்மாள் எழுந்தாள். நேராக முதலாளி அறைக்கு வந்து, "எந் தப்புதான் முதலாளி. இருபத்தொம்பதாம் தேதிய விட்டுட்டேன். சின்னத்தாயக்காதான் கண்டுபிடிச்சாக" என்றாள். முதலாளி போட்ட சத்தம் கட்டிங் மிஷின் வரைக்கும் கேட்டது. "லாரிய நிறுத்துங்கலே!" என்று வாசலுக்கு ஓடினார். பிறகு திரும்பி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க" என்றார்.

தலையில் அடித்த தகரப்பட்டையைப் பிரித்தால் காலண்டர் வீண். சின்னத்தாய் வழி சொன்னாள். 29-ம் தேதித் தாளின் தலையில் நூல் அளவுக்குப் பசை தடவி, 28-க்கு அடியில் செருகி அழுத்திவிட்டால் போதும், கிழிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. ஏற்றிய கட்டுகளை இறக்கினார்கள். நாலாயிரம் காலண்டர். இருந்த பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூக்கம்மாள் உட்கார்ந்தாள். என்னையும் ஒரு பசைக் கிண்ணத்தோடு உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஒன்றைத் தலைகீழாக ஒட்டி ரோஜாவிடம் திட்டு வாங்கினேன்.

நாலு மணி வாக்கில் கடைசி இருநூறு, முந்நூறு மிச்சம். எனக்கு எதிரே சின்னத்தாயும் பாலம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னத்தாய் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"பாலம்மா, ஒண்ணு சொல்லணும். நான் இத இன்னைக்குக் கண்டுபிடிக்கல. நேத்தே தெரியும்."

பாலம்மாளின் விரல் கிண்ணத்தில் நின்றது. "நேத்தேயா?"

"காலையில பத்து மணிக்கு."

"அப்ப, மத்தியானம் எங்கூட ஒக்காந்து சாப்பிட்டது?"

"நீ விழப்போறன்னு தெரிஞ்சு, அந்தச் சந்தோசத்துல சாப்பிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து போகவும் முடியவில்லை, கையெல்லாம் பசை. இவள் ஏன் இதைச் சொன்னாள் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. சொல்லியிருக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? பைண்டிங்கையே காப்பாற்றியவள் என்ற பெயரோடு போயிருக்கலாம்.

பாலம்மாள் இரண்டு தாள் ஒட்டினாள். பிறகு, கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரருகிட்ட அதத்தான் மொதல்ல சொன்னேன். சின்னத்தாயக்கா எங்கூடப் பேசிட்டாக, எங் கொளம்ப வாங்கிச் சாப்பிட்டாகன்னு. ஒன்றர வருசமா இந்தச் சாவிய எதுக்குடா வாங்குனோம்னு இருந்துச்சு எனக்கு. நேத்துத்தான் நிம்மதியாச்சு. ஒங்களுக்குப் பிடிச்சிருந்துச்சேன்னு இன்னைக்கும் கருவாடு வச்சுக் கொண்டாந்துருக்கேன்."

சின்னத்தாய் அழுதாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சத்தமாகவே அழுதாள். பைண்டிங்கில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷமாக அந்த நாற்காலியை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அதில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாள்கூட நிம்மதியாக உட்காரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அழுகாதீகக்கா" என்றாள் பாலம்மாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "தாளு நனையுது. முடிச்சிட்டுச் சாப்பிடுவோம்."

லாரி ஆறு மணிக்குக் கிளம்பியது. நாலாயிரம் காலண்டரிலும் பிப்ரவரி 29, ஞாயிற்றுக்கிழமை, சிவப்பாக இருந்தது. சாப்பிட நேரமில்லாமல் மூடியே கிடந்த வாளியைத் திறந்து, ஆறிப்போன குழம்பை இருவரும் பைண்டிங் மேசையிலேயே ஊற்றிச் சாப்பிட்டார்கள். வாசலில் சங்கிலிமுத்து ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவர்கள் எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது, இத்தனைக்கும் என் வேலைக்கு எந்த ஆபத்தும் வந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் சின்னத்தாய் என் மேசைப் பக்கம் வந்தாள். கண்ணுக்கடியில் வீக்கம் இருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. "என்ன, நேத்து வேன்ல வண்டி மேடு ஏறுச்சா?" என்று கேட்டேன்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ, மறந்தே போயிட்டேன் அண்ணாச்சி."

"மறந்துட்டியா? ஆறு மாசமா ஒரு நாள் விடாம சொன்னவ!"

"எங்கிட்டுச் சொல்ல? பழைய சீட்டுல போய் பாலம்மா பக்கத்துல ஒக்காந்தேன். பேசினோம், பேசினோம், அம்புட்டுப் பேசினோம். விஸ்வநத்தம் வந்ததே எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. சங்கிலிமுத்துதான் எறங்குங்கன்னு சத்தம் போட்டாரு."